தோம்பில் ஏறாத வீடுகள்



கலப்பு மரபில் பிறந்த கலைஞர்கள் இன்று தங்கள் கதையை எப்படிச் சொல்கிறார்கள், அதற்கு நாட்டார் கதையும் குடும்ப நினைவும் எப்படிக் கைகொடுக்கின்றன என்பதைப் பேசும்படி இந்த அறக்கட்டளைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். நான் கலை வரலாற்று ஆய்வாளர் இல்லை. இந்த வட்டாரப் பள்ளிகளில் முப்பத்தொரு வருஷம் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். அதனால் ஒரு பிள்ளை வரைந்த படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஆறாம் வகுப்பு. 'உங்கள் வீடு' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பெண்பிள்ளை ஒருத்தி நல்ல படம் வரைந்திருந்தாள். ஓலை வேலி, நடுவில் படலை, கிணறு, கிணற்றுக்குத் துலா. எல்லாம் சரி. ஆனால் மூலையில் நின்ற மரம் மட்டும் விசித்திரமாக இருந்தது. அடிமரம் வீட்டைவிடப் பருமன். உச்சியில் குட்டை குட்டையாகக் கொஞ்சம் கிளை. மரத்தைப் பிடுங்கித் தலைகீழாக நட்டுவைத்ததுபோல. "மரம் இப்படியாம்மா இருக்கும்?" என்று சொல்லி நானே ரப்பரை எடுத்து அதை அழித்தேன். அந்த இடத்தில் அழகாக ஒரு மாமரம் போட்டுக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அவளுடைய அம்மம்மா பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, "டீச்சர், அது பெருக்க மரம். மன்னாரில எங்கட வீட்டுப் பக்கத்தில நிண்டது. இவள் காணேல்லை. நான் சொல்லச் சொல்லக் கீறினவள்" என்றார்.

மன்னார்த் தீவில் பள்ளிமுனை என்ற இடத்தில் அப்படி ஒரு பெருக்க மரம் இன்றும் நிற்கிறது. அதன் சொந்த மண் ஆப்பிரிக்கா. அரபு வணிகர்கள் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது அந்த ஊரார் வழிவழியாகச் சொல்லும் கதை. அதாவது, ஆப்பிரிக்க மரம், அரபுக் கப்பல், மன்னார்க் கரை, அம்மம்மாவின் வாய், கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்த பிள்ளையின் பென்சில். இத்தனை கைகள் மாறி என் மேஜைக்கு வந்து சேர்ந்த ஒன்றை அரை நிமிஷத்தில் அழித்துவிட்டேன். மரம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் குற்ற உணர்ச்சியால்தான் படிக்கத் தொடங்கினேன். இன்று நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ரப்பர் அழித்த இடத்திலிருந்து வருபவை.

முதலில் 'கலப்பு' என்ற சொல். நம் வாயில் அது அவ்வளவு நல்ல சொல்லாக இல்லை. கலப்படம், கலப்புத் திருமணம் என்று வரும்போதெல்லாம் ஏதோ சுத்தமாக இருந்தது கெட்டுப்போன தொனி வந்துவிடுகிறது. நம் பழைய இலக்கணத்தில் இந்தக் கசப்பு இல்லை. இருதிணைக்கும் பொதுவான பெயரை விரவுப்பெயர் என்றார்கள். குறிஞ்சியின் ஒழுக்கம் முல்லை நிலத்திலும், நெய்தலின் பொழுது மருதத்திலும் வந்து சேர்ந்தால் திணை மயக்கம் என்று பெயரிட்டார்கள். தொல்காப்பியர் அதை விலக்கவில்லை. விரவுதல், மயங்குதல் என்ற இரண்டு சொற்களும் நம்மிடம் இருக்கும்போது கலப்பை நாம் ஏன் குற்றம்போலச் சொல்கிறோம் என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

அதுவும் இந்தக் கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டு. எளாவூர் சோதனைச்சாவடி தாண்டி ஆரம்பாக்கம் போனால் தமிழ்நாடு முடிந்து தடா வந்துவிடுகிறது. இங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பங்கரையில் தெலுங்கு, வாசலில் தமிழ். எங்கள் வீடும் அப்படித்தான். அம்மாவைப் பெற்ற பாட்டி கோபம் வந்தால் தெலுங்கு, சாமி கும்பிட்டால் தமிழ். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபிறகு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று இரும்பாலைகளுக்கு வந்தவர்கள் இங்கேயே குடும்பமானார்கள். தொண்ணூறுகளிலிருந்து முகாம். பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு.

பழவேற்காட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். போர்த்துக்கீசியர் வந்தார்கள், மகிமை மாதா கோயில் அவர்கள் காலத்தில் தொடங்கியது. பிறகு டச்சுக்காரர்கள் வந்து 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். டச்சுக் கல்லறையின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கிவைத்திருக்கிறார்கள்; பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போனால் எல்லோரும் முதலில் ஓடிப்போய்த் தொட்டுப்பார்ப்பது அவற்றைத்தான். அரபு வழி முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிப் படித்த ஊர் அது. அங்கிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட துணிக்கு மலாய்க்காரர்கள் இன்றும் 'கைன் பெலிகாட்' என்கிறார்கள். பெலிகாட் என்பது நம் பழவேற்காடு. இலங்கையில் அதுவே பளையகாட் சாரம். ஊரின் பெயரை இடுப்பில் கட்டிக்கொண்டு அடுத்த தேசத்துக்காரர் நடமாடுகிறார். நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

டச்சுக்காரர்கள் இலங்கையில் விட்டுப்போன ஒரு பழக்கத்தைச் சொல்லி, நான் சொல்லவந்த கலைஞரிடம் வருகிறேன். போர்த்துக்கீசியர் தொடங்கி, 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் விரிவாக எழுதிவைத்த பதிவேட்டுக்குத் 'தோம்பு' என்று பெயர். யார் குடும்பம், யார் பிள்ளை, எந்தக் காணி, எத்தனை மரம், எவ்வளவு வரி. போர்த்துக்கீசியச் சொல்லான 'தோம்போ' யாழ்ப்பாணத் தமிழில் கலந்து தோம்பு ஆகிவிட்டது. தோம்பில் பெயர் ஏறினால்தான் காணி உன்னுடையது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் 2011இல் ஒரு புத்தகம் செய்தார். ஓவியத்தை அவர் புத்தகமாகவே செய்ததால் 'எழுதினார்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயர் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு', முற்றுப்பெறாத தோம்பு. போரினால் வீட்டை விட்டுப்போன வடக்கின் தமிழ் பேசும் மக்களிடம் அவர் ஒன்றே ஒன்றைக் கேட்டார்: நீங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள். படம் வரையத் தெரியாதவர்கள்தான் பெரும்பாலும். அவர்கள் கைக்கு வந்தபடி கோடு போட்டு, இது அறை, இது குசினி, இது கிணறு என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கோடுகளைக் கட்டடக் கலைஞர் அளவான வரைபடமாக மாற்றினார். பிறகு, அந்த வீட்டுக்காரர் சொன்ன கதையை மனதில் வைத்துச் சனாதனன் உலர்வண்ணத்தில் ஒரு படம் வரைந்தார். இப்படி எண்பது வீடுகள். புத்தகத்தின் கட்டுமானமே ஒரு அரசாங்கக் கோப்பைப் போல இருக்கும்.

மூன்றில் எது என்னை உலுக்கியது என்று கேட்டால், கட்டடக் கலைஞரின் வரைபடம்தான். சனாதனனின் ஓவியங்கள் அழகானவை, கனவு போன்றவை. வீட்டுக்காரரின் கோணல் கோட்டில் பாசம் தெரிகிறது. ஆனால் இடிந்துபோன, இனி எந்தப் பஞ்சாயத்தும் அனுமதி தரத் தேவையில்லாத ஒரு வீட்டுக்கு அளவெடுத்து, சுவரின் கனம் காட்டி, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று வளைகோடு போட்டு ஒருவர் பிளான் வரைந்திருக்கிறார் பாருங்கள், அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அரசாங்கத்தின் கோடுகளை அப்படியே எடுத்து, அரசாங்கம் மறந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார் சனாதனன்.

அவர் 'தமிழ் பேசும் மக்கள்' என்று எடுத்துக்கொண்டதையும் கவனிக்க வேண்டும். 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். வடக்கில் இழந்த வீடு என்று பேசினால் அந்த வீடுகளும் சேரத்தான் வேண்டும். சேர்க்காமல் விட்டால் நாமும் ஒரு தோம்பு எழுதியவர்களாகிவிடுவோம்.

என் மாணவியின் அம்மம்மாவும் தெரியாமலே இதைத்தான் செய்துகொண்டிருந்தார். முகாமில் கணக்கெடுப்பு உண்டு, பதிவு உண்டு, அட்டை உண்டு. அந்த அட்டையில் பெருக்க மரத்துக்குக் கட்டம் இல்லை. பேத்தியின் வரைதாளில் இருந்தது.

இனி நாட்டார் கதைக்கு வருகிறேன். இதில் எனக்கு இரண்டு மனம் உண்டு, இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

என் பாட்டி சொல்லும் கதை ஒன்று. முன்னோர்கள் வடக்கே இருந்தபோது ஒரு ராஜா நம் வீட்டுப் பெண்ணைக் கேட்டான். கொடுக்க மனமில்லாமல் இரவோடு இரவாகக் கிளம்பினார்கள். ஆறு கரைபுரண்டு ஓடுகிறது, பின்னால் படை வருகிறது. பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். அக்கரைப் புங்கமரமும் இக்கரைப் புங்கமரமும் வளைந்து கைகோத்துப் பாலமாகின. அதில் நடந்து வந்தவர்கள் நாம். இதைச் சொல்லும்போது பாட்டி இரண்டு கைகளையும் தூக்கி விரல்களைக் கோத்துக் காட்டுவார். கம்பளத்தார் முதல் எத்தனையோ தெலுங்குக் குடிகளிடம் இதே கதை சிறுசிறு மாறுதலோடு இருப்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

அந்த மரப்பாலம் எனக்கு உயிர். ஆனால் அதே கதையில் துரத்தி வருகிறவன் துருக்க ராஜா. பழவேற்காட்டு முஸ்லிம் தோழி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கதையை அப்படியே சொல்ல எனக்கு நா எழவில்லை. நாட்டார் கதை என்றாலே மாசு இல்லாதது, மண்ணின் குரல் என்று கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பயணத்தை நினைவு வைத்திருக்கும் அதே கதை பகையையும் நினைவு வைத்திருக்கிறது. நல்ல கலைஞர் எதையும் மறைக்காமல் எடுத்து, எந்த இடத்தில் கதை திரும்ப வேண்டுமோ அங்கே திருப்புகிறார்.

கலப்பைப் பற்றி நம் கதைகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தால் இன்னும் கனமாக இருக்கும். நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையில், பிராமணப் பிள்ளையான பட்டன் அருந்ததியர் வீட்டில் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்காள் தங்கையை மணக்கிறான். பெயர்களைப் பாருங்கள், தெலுங்குப் பெயர்கள். பூணூலைக் கழற்றிவிட்டுச் செருப்புத் தைக்கக் கற்கிறான். மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்ச் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறான். வேண்டுதல் வைத்தவர்கள் அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டிவிட்டு வருகிறார்கள். காத்தவராயன் ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேறினான். அவன் கதை நம் பக்கத்திலும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு இன்றும் காத்தான் கூத்து ஆடுகிறார்கள். பொம்மியோடு போன மதுரைவீரனுக்கு மாறுகால் மாறுகை.

கலந்தவர்களைக் கொன்றோம், பிறகு பயந்து கும்பிட்டோம். கும்பிட இடம் கொடுத்தது எங்கே? ஊர் நடுவில் இல்லை, எல்லையில். எல்லையைத் தாண்டிப்போனவனையே எல்லைக்குக் காவலாக நிறுத்திவிட்டது நம் மரபு. கலப்பு மரபில் பிறந்த கலைஞர்கள் காவல் தெய்வங்களை நாடிப் போவதற்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன். அவர்களுக்குத் தங்கள் சாயலில் கிடைக்கும் சாமி அதுதான்.

ரமேஷ் மாரியோ நித்தியேந்திரனின் பொம்மைகளை முதலில் படத்தில் பார்த்தபோது எனக்கு ஊர் எல்லைதான் நினைவுக்கு வந்தது. 1988இல் கொழும்பில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஆஸ்திரேலியா போய்விட்டது. இன்று சிட்னியில் இருக்கிறார். தமிழர், பறங்கியர் என்று இரண்டு வழி. வீட்டில் இந்து சமயமும் கிறிஸ்தவமும். பெயரே அதைச் சொல்கிறது: ரமேஷும் மாரியோவும் தோளோடு தோள் நிற்கிறார்கள்.

பறங்கியர் என்ற சொல்லில் ஒரு நிமிஷம். 'ஃபிராங்க்' என்பது அரபு, பாரசீக வாய்களில் திரிந்து நமக்கு வந்து பறங்கி ஆயிற்று. பறங்கிமலை அவர்கள் மலை. பறங்கிக்காய் அவர்கள் கொண்டுவந்த காய். மார்கழிக் கோலத்தில் சாண உருண்டைமேல் நாம் செருகுகிற பூ அந்த அந்நியக் கொடியில் பூத்தது. அதை யாராவது பிடுங்கி எறிந்தோமா? இலங்கையில் போர்த்துக்கீசிய, டச்சு வழியில் வந்தவர்களுக்குப் பறங்கியர் என்பதே இனப்பெயர்.

நித்தியேந்திரன் களிமண்ணைக் கையால் பிசைந்து, எழுப்பி, சுட்டு, கண்ணைப் பறிக்கும் வண்ண மெருகு ஏற்றுகிறார். பல தலை, துருத்திய நாக்கு, வரிசையாகப் பல், சில உருவங்களில் உண்மையான முடி, சிப்பி. ஆண் பெண் என்று பிரிக்க முடியாத உடல்கள். 2016இல் கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் 'மட் மென்' என்ற காட்சியை வைத்தார். பிறகு சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் 'அவதார் டவர்ஸ்' என்று ஒரு கூட்டத்தையே நிறுத்தினார். அந்தக் கலைக்கூடம் ஐரோப்பியக் கோயிலைப் போலத் தூண் வைத்துக் கட்டியது. அதன் நுழைவு மண்டபத்தில் இந்த உருவங்கள் காவல் நிற்பதுபோல நின்றன.

அவருக்குச் சாமி நம்பிக்கை இல்லை. அப்படிச் சொல்லியும் இருக்கிறார். பக்தி இல்லாமல் சாமி உருவத்தைத் தொடலாமா என்று என்னிடம் ஒரு பெரியவர் கேட்டார். நான் சொன்ன பதில் இது. நம் ஊர்ப்புறங்களில் அய்யனாருக்கு மண்குதிரை செய்யும் வேளாரைப் பாருங்கள். கால் நான்கையும் உருளையாக எழுப்பி, காயவைத்து, அதன்மேல் வயிறு, அதன்மேல் கழுத்து என்று ஒவ்வொன்றாக ஏற்றுகிறார். உள்ளே பொள்ளல்; இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். கண் திறக்கும்வரை அது மண்தான். சாமி வருவதும் வராததும் பிறகு நடக்கிற காரியம். மண்ணைத் தொடுகிறவன் மண்ணுக்கு உண்மையாக இருந்தால் போதும். நித்தியேந்திரன் அப்படி இருக்கிறார். சில வேலைகளில் அதிர்ச்சி கொடுக்கவே செய்தாரோ என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் அந்த முகங்களில் எது இந்து, எது கிறிஸ்தவம், எது தமிழ், எது பறங்கி என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது. ஒன்றாகப் பிசைந்த இரண்டு மண்ணைத் தனித்தனியாக எடுக்க முடியுமா?

பறங்கியர் குடும்பக் கதை என்றால் எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சியையும் நினைக்க வேண்டும். 1982இல் வந்த 'ரன்னிங் இன் தி ஃபேமிலி' என்ற நூலில் தன் வீட்டுக் கதையைச் சொல்கிறார். அவர்கள் மூதாதை ஒரு தமிழ் வைத்தியர். இலங்கையில் ஆளுநரின் மகளை மூலிகையால் குணப்படுத்தினார். பரிசாக நிலமும் அந்நிய மனைவியும் கிடைத்தன. தமிழ்ப் பெயர் டச்சு எழுத்துக் கூட்டலில் புதுப் பெயரானது. இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்று அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு குடும்பம் தன்னை எங்கே தொடங்கியதாகச் சொல்ல விரும்புகிறது என்பதே பெரிய செய்தி.

அடுத்து சொல்லப்போவது நம் கரையின் வலி.

பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்கள் துணியை மட்டும் ஏற்றவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் பிள்ளைகளை விற்றவர்களும் தன்னையே விற்றுக்கொண்டவர்களும் ஆயிரக்கணக்கில் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அது. 1652இல் தென்னாப்பிரிக்காவின் கேப் முனையில் டச்சுக்காரர்கள் குடியேறிய பிறகு நம் கரை ஆட்கள் அங்கேயும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த டச்சு ஏடுகளில் பெரும்பாலும் அவர்களுடைய சொந்தப் பெயர் இல்லை. எசமான் வைத்த ஒரு பெயர், பின்னால் 'கோரமண்டல் கரையிலிருந்து' என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான். எந்தத் தாய்க்குப் பிறந்தவர், எந்தக் குலசாமியைக் கும்பிட்டவர், ஒன்றும் இல்லை. ஏரியில் பூநாரை பார்க்கப் போகிறோம், கோட்டைமேட்டைப் பார்க்கிறோம், கல்லறையைப் படம் பிடிக்கிறோம். செத்துப்போன டச்சு வியாபாரிக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. கப்பலேறிப் போனவர்களுக்கு அந்தக் கரையில் ஒரு செங்கல்கூட இல்லை. இதை நான் எங்கு பேசினாலும் சொல்வேன்.

கேப் டவுனில் 1964இல் பிறந்த பெர்னி சேர்ல் என்ற கலைஞரை இந்த இடத்தில் அழைக்கிறேன். அவர் நம் கரையின் வழிவந்தவர் என்று சொல்லவில்லை. அவருடைய குடும்பத்தில் மொரிஷியஸிலிருந்தும் அரேபியாவிலிருந்தும் வந்த முன்னோர்கள் உண்டு. ஆனால் அடிமைகளும் குடியேறிகளும் கலந்து உருவான அந்த நகரத்தின் பிள்ளை. 1950இல் தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு மக்கள்பதிவுச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. அதுவும் ஒரு தோம்புதான். ஒவ்வொருவரையும் ஒரு நிறக் கட்டத்தில் போட்டார்கள். கலந்து பிறந்தவர்களை 'கலர்ட்' என்று எழுதினார்கள். அந்தச் சட்டம் நீங்க 1991 ஆயிற்று.

சேர்ல் என்ன செய்தார்? 1998இல் தொடங்கிய 'கலர் மி' என்ற வரிசையில் தன் உடம்பின்மேல் மஞ்சள்தூள், சிவப்பு மிளகாய்த்தூள், அரைத்த கிராம்பு, பட்டாணி மாவு என்று கொட்டிக்கொண்டு படுத்திருந்தார். அதைப் புகைப்படங்களாக எடுத்துத் தொங்கவிட்டார். முகத்தில், கண்ணிமையில், வாயோரத்தில் எல்லாம் தூள். சில படங்களில் அவர் எழுந்து போய்விட்டார்; தரையில் மசாலாவின் நடுவே ஆள் படுத்திருந்த வெற்றிடம் மட்டும் இருக்கிறது.

நான் வீட்டில் மிளகாய் அரைத்துவந்து டப்பாவில் போடும் நாளில் அந்தப் படங்கள் கண்முன் வரும். மூக்கு எரியும், கண் கலங்கும், விரலிடுக்கில் மஞ்சள் இரண்டு நாள் போகாது. நிறத்தைக் காகிதத்தில் எழுதினார்கள்; அவர் நிறத்தை அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்தார். டச்சுக்காரர் இந்தக் கடலுக்கு வந்ததே மசாலாவுக்கு. அந்த மசாலாவால்தான் இந்தக் கரைகளின் மக்கள் கலந்தார்கள், அடிமையானார்கள், சமையலை மட்டும் கையோடு கொண்டுபோனார்கள். 'ஸ்னோ ஒயிட்' என்று 2001இல் அவர் செய்த காணொலியில் மேலிருந்து மாவு கொட்டிக்கொண்டே இருக்கிறது. வெள்ளையாகிப்போன உடம்போடு அவர் அந்த மாவைக் கூட்டிச் சேர்த்துத் தண்ணீர் விட்டுப் பிசைகிறார். யாரோ மேலே கொட்டிய வெள்ளையை எடுத்து வீட்டுக்கு ரொட்டி மாவாக்கும் அந்தக் கைகள், சப்பாத்திக்கு மாவு பிசையும் எந்தப் பெண்ணுடைய கைகளும்தான். நினைவு எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் மணிக்கட்டைத்தான் காட்டுவேன்.

சனாதனன், நித்தியேந்திரன், சேர்ல் என்ற இந்த மூன்று பேரையும் ஏன் கும்மிடிப்பூண்டியில் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்றால், அவர்கள் கையாண்ட பொருள் எல்லாம் நம்மிடம் குவிந்து கிடக்கிறது. விட்டுவந்த வீடு, மண், மசாலா. கலைக்கூடம் நம்மிடம் இல்லை. சென்னைக்கு ரயில் இருக்கிறது. வேண்டியது கேட்கிற காதும் அழிக்காத கையும். வாத்தியார்களே, பெற்றோர்களே, பிள்ளை வரைந்ததில் உங்களுக்குப் புரியாத ஒன்று இருந்தால் முதலில் "இது யார் சொன்னது?" என்று கேளுங்கள். நான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இந்த அறக்கட்டளைக்காரர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த ஆண்டு சொற்பொழிவுக்கு ஆகும் செலவில் பாதியை எடுத்து, இந்தச் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளிடம் 'பாட்டி வீடு' என்ற தலைப்பில் படம் கேளுங்கள். முகாம் பிள்ளை, பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை, இருளர் குடியிருப்புப் பிள்ளை, சிப்காட் லைன்வீட்டுப் பிள்ளை, எல்லோரிடமும். படத்தின் பின்பக்கம் பாட்டி சொன்னதைப் பாட்டி பேச்சிலேயே எழுதி வாங்குங்கள். திருத்தாதீர்கள். ஒரு தோம்பாகக் கட்டி நூலகத்தில் வையுங்கள்.

ஓய்வு பெற்றபிறகு வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்கு வரையச் சொல்லித் தருகிறேன். போன மார்கழியில் ஒரு பையன். அப்பா ஒடிசாவிலிருந்து இரும்பாலை வேலைக்கு வந்தவர், அம்மா ஆரம்பாக்கத்துக்காரி. பாட்டி வீடு வரைடா என்றேன். "எந்தப் பாட்டி?" என்றான். உனக்கு எது இஷ்டமோ அது என்றேன். மண்சுவர் வீடு ஒன்றை வரைந்து, சுவர் முழுக்க வெள்ளையில் நெற்கதிர்போலக் கொத்துக் கொத்தாகப் புள்ளி வைத்தான். ஒடிசாவின் மார்கசிர மாதத்து வியாழக்கிழமைகளில் லட்சுமிக்காக அங்கே பெண்கள் அரிசிமாவில் விரலைத் தோய்த்துச் சுவரிலும் தரையிலும் போடும் ஜோட்டி அது. இந்தத் தடவை நான் ரப்பரைத் தொடவில்லை. கீழே வாசலில் ஏழு புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம் ஒன்றும் போட்டு, நடுவில் பறங்கிப்பூ வைத்தான். பூ எந்த வீட்டில் என்று கேட்டேன். அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்பாவின் போனை வாங்கி ஒடிசாப் பாட்டிக்கு வீடியோவில் கூப்பிட்டான். பாட்டி ஒடியாவில் ஏதோ கேட்க, பையன் ஒரு கையால் வரைதாளைத் தூக்கிப் போனுக்கு நேரே பிடித்தான். அந்தப் பக்கம் பாட்டியும் எழுந்து நடந்துபோய்த் தன் சுவரைக் காட்டினார். இவன் இன்னும் ஈரம் காயாத தாளைப் பிடித்தபடி, "டீச்சர், நான் ஒரு கொத்து விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து வரையத் தொடங்கினான்.